ஆறடி மதகு

இடது கைக் கட்டைவிரல் வெல்டிங் வரியின் மேல் மெல்ல ஊர்ந்துபோய் ஓரிடத்தில் நின்றது. கண்ணுக்கு அங்கே குறை ஒன்றும் தெரியவில்லை. வலது கை சிறு சுத்தியலை எடுத்து அந்த இடத்தைத் தட்டியது. ஒரு சாண் தள்ளி இன்னொரு தட்டு. இரண்டு சத்தமும் ஒன்றாக இல்லை. சுத்தியலை வைத்துவிட்டு, கைகள் கிரைண்டரை எடுத்தன. போட்ட வெல்டிங்கைப் பொறி பறக்க அரைத்தெடுத்து, அடியில் உப்புக்கல் அளவுக்கு ஒரு பொத்தல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கைகளுக்கு நிம்மதி வந்தது. சந்தேகப்பட்டது சரியாகப் போனதில் வரும் நிம்மதி அது.

ஒதியம்பட்டுச் சாலையோரத்துப் பட்டறை. இரண்டு தண்டவாளத் துண்டுகளின் மேல் கிடந்தது அந்த இரும்புப் பலகை. நிமிர்த்தி வைத்தால் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். முதுகில் குறுக்கும் நெடுக்குமாக ஆங்கிள், பக்கங்களில் ரப்பர் வைக்கத் துளைகள். போகிறவர்கள் வண்டியை நிறுத்தி எந்தக் கம்பெனிக்கு கேட் என்று கேட்டார்கள். மதகு ஷட்டர் என்று பதில் வந்தது. எந்த ஏரிக்கு என்றால், கீழாம்பட்டு ஏரிக்கு. அந்த ஏரியைத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். கீழாம்பட்டு மதகு இடுப்பளவு உயரம் என்பது பாகூர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். இடுப்பளவு வாய்க்கு ஆளுயரக் கதவு எதற்கு?

"ஆறடி மதகு" என்பார் பட்டறைக்காரர். அதற்கு மேல் பேச மாட்டார்.

அவர் பெயர் இருசப்பன். பிறந்தது கீழாம்பட்டில். கரும்பாலையில் கூலிக்குக் கம்பி தூக்கப் போய், வெல்டர் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர் கருவியைத் தொட்டுப் பார்த்துத் தொழில் பழகியவர். ஆலை நின்றதும் இங்கே தகரக் கொட்டகை போட்டார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இரும்பு வாங்கினால் ஒரு எடை மேடையில் நிறுத்தியதை இன்னொரு எடை மேடையிலும் நிறுத்திப் பார்ப்பார். பெயிண்ட் அடித்த இரும்பென்றால் சுரண்டாமல் எடுக்க மாட்டார். வேலை கொடுத்தவர் வாங்கித் தரும் டீயை வேலை முடியும் வரைக்கும் குடிக்க மாட்டார். இதையெல்லாம் அவர் மனைவி வியாதி என்பாள். அவர் பழக்கம் என்பார்.

அரசாங்கம் எதில் பணத்தைப் போடுகிறது என்பது பேப்பர் படித்து அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. எந்தக் கட்டடம் கட்டினாலும் கடைசியில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் அவரிடம் வந்தாக வேண்டும். காண்டிராக்டரிடமிருந்து கைமாறிக் கைமாறி வேலை வந்து சேரும். ஒரு வருஷம் முழுக்க உடற்பயிற்சிக் கூடமாக வந்தது. அடுத்த வருஷம் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். அப்புறம் பூங்கா. பஸ் நிற்காத இடத்தில் பஸ் நிறுத்தம். வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் அவர் செய்த கேட்டுகள் வரிசையாக நிற்கின்றன. பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கின்றன. பூட்டு துருப்பிடித்தாலும் கேட் துருப்பிடிக்கவில்லை என்று அவர் பெருமையாகச் சொல்வதுண்டு. ஏரி, வாய்க்கால், மதகு என்று மட்டும் எந்த வேலையும் வந்ததில்லை. ஏரிக்கு கேட் தேவையில்லை, அதனால் வரவில்லை என்று முதலில் நினைத்தார். அந்த வேலையே நடப்பதில்லை என்று பிறகுதான் புரிந்தது.

கேட்பதற்கும் ஆள் கிடையாது. கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தேர்தல் நடந்து வெகுகாலம் ஆகிறது. ஊருக்கென்று ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர் ஒருவரும் இல்லை. மனு எழுதினால் கமிஷனருக்கு எழுத வேண்டும், அவர் மாறிப் போனால் மறுபடி எழுத வேண்டும்.

இருசப்பனின் தங்கை தனக்கொடியைக் கீழாம்பட்டிலேயே கட்டிக் கொடுத்திருந்தது. மதகுக்கு நேர் கீழே, வாய்க்காலை ஒட்டி அவளுக்கு ஒரு காணி நிலம். போன கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கிடந்தபோது மதகின் பழைய ஷட்டர் அடியோடு பிடுங்கிக்கொண்டு போயிற்று. பால் பிடித்து நின்ற சம்பா தண்ணீருக்குள் போய் அழுகியது. அவள் வீட்டுக்காரர் டவுனில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறவர். வயல் முழுக்க அவள் பாடு. பக்கத்து நிலத்துக்காரர் அந்த மாசமே பிளாட் போடுகிறவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளைக் கல்லும் கலர்க் கொடியும் அவள் வரப்பு வரைக்கும் வந்து நின்றன. வாரம் ஒரு தடவை பைக்கில் ஒருவன் வந்து, அக்கா யோசிச்சீங்களா என்று கேட்டுவிட்டுப் போனான். இன்னொரு வருஷம் வெள்ளம் புகுந்தால் கொடுத்துவிடுவதென்று அவள் வீட்டுக்காரர் முடிவு செய்திருந்தார். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

மனுக்கள் போயின. அதிசயமாக இந்த வருஷம் பதில் வந்தது. கீழாம்பட்டு ஏரிக்கரையை அழகுபடுத்தப் போகிறார்கள். கரை மேல் நடைபாதை, விளக்குக் கம்பம், உட்கார பெஞ்சு, மிதிபடகு. வெளியூரிலிருந்து கடற்கரைக்கு வருகிறவர்களை இந்தப் பக்கமும் வரவைக்க வேண்டுமாம். அந்தத் திட்டத்தின் வாலில் ஒரு வரியாக மதகுக்குப் புது ஷட்டரும் இருந்தது. அதற்கான எஸ்டிமேட்டை யாரோ போனில் படம் பிடித்து அனுப்ப, ஏரிச் சங்கத்துச் செயலாளர் வைத்திலிங்கம் கைக்கு வந்தது. வைத்திலிங்கம் இருசப்பனுக்கு மச்சான் முறை. நேரே பட்டறைக்கு வந்து போனை நீட்டினார். ஷட்டர் உயரம் ஆறடி என்று போட்டிருந்தது.

"இடுப்பளவு மதகுக்கு ஆறடி கதவாம். மீதி இரும்பு எங்க போவுது மச்சான்?" என்றார்.

இருசப்பன் அப்போதும் அவசரப்படவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு கீழாம்பட்டுக்குப் போனார். கோடை. ஏரி வறண்டு கிடந்தது. மதகின் வாய்க்குள் இறங்கித் தரையைக் காலால் உதைத்துப் பார்த்தார். சிமெண்ட் மாதிரி கெட்டி. டேப்பின் நுனியைத் தரையில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு மேல் கல் வரைக்கும் பிடித்தார். மூன்றரை அடி. அவர் வழக்கப்படி மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் மூன்றரை.

சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நடைபாதைத் திட்டத்தை விளக்குவதற்காக அதிகாரி ஒருவரும், அளவெடுத்த இளநிலைப் பொறியாளர் ஜே.இ.யும் வந்திருந்தார்கள். ஜே.இ. சின்னப் பெண். அபிதா என்று பெயர், வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கலாம். அதிகாரி சுவரில் படம் காட்டினார். படத்தில் ஏரி நீலமாக இருந்தது, நடைபாதையில் வெள்ளைக்காரர்கள் நடந்தார்கள். படம் முடிந்ததும் வைத்திலிங்கம் இருசப்பனைப் பார்த்துத் தலையாட்டினார். இருசப்பன் எழுந்தார்.

"ஆறடின்னு எழுதியிருக்கீங்க மேடம். அது இன்னா ஏரி மதகா, கல்யாண மண்டபத்து வாசலா?"

கூடம் சிரித்தது. அந்தப் பெண் காது சிவக்க எழுந்து, அளவு சரிதான் என்றும், அது சில் லெவலிலிருந்து எடுத்தது என்றும் ஆரம்பித்தாள். லெவல் என்ற சொல்லோடு அவள் பேச்சு நின்றது. கூடத்தில் அவளுக்கு மேலே பத்துக் குரல் எழும்பிவிட்டது. எத்தனை கிலோ இரும்பு அதிகம், அது யார் வீட்டு மாடிப்படிக்குப் போகிறது என்றெல்லாம் கேட்டார்கள். எங்கிருந்து அளந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதிகாரி கோபப்படவில்லை. அமைதியாகச் சொன்னார்: மக்கள் ஆட்சேபிக்கிற வேலையைத் துறை செய்யாது. வருஷத்துக்குள் செலவாகாத பணம் திரும்பிப் போய்விடும், அதனால் மதகு வேலையை எடுத்துவிட்டு அந்தத் தொகையை நடைபாதையோடு சேர்த்துவிடலாம். நடைபாதைக்கு யாராவது ஆட்சேபணை உண்டா? யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நடைபாதையை யார் அளந்து பார்த்தார்கள்?

திருட்டைத் தடுத்துவிட்ட சந்தோஷத்தோடு ஊர் வீட்டுக்குப் போயிற்று. இரண்டு நாள் கழித்துத்தான், ஷட்டர் வரப்போவதில்லை என்பது ஒவ்வொருவர் மண்டையிலும் ஏறியது. அப்போதும் ஊருக்குத் தன் மேல் சந்தேகம் வரவில்லை. வேண்டுமென்றே தப்பான அளவைப் போட்டிருக்கிறார்கள், நம் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டார்கள், அந்தப் பெண் முகத்தைப் பார்த்தால் தெரியவில்லையா என்று பேசிக்கொண்டார்கள். இருசப்பனும் அதை நம்பினார். பட்டறைக்கு வந்த எல்லாரிடமும் சொன்னார்.

தனக்கொடி மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ண்ணா, அளந்தது நீ, பேசனது நீ, தடுத்ததும் நீ. தண்ணி வந்தா மட்டும் நான் ஒண்டியா நிக்கணுமா?"

அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு, இருசப்பன் ஒரு பள்ளிக்கூடத்து கேட்டுக்காக வாங்கி வைத்திருந்த தகட்டைப் புரட்டிப் போட்டு, சாக்பீஸால் மூன்றரை அடிக்குக் கோடு கிழித்தார். தகட்டை அறுப்பதற்கு முன்னால் சட்டத்தைச் செய்தார். ஷட்டர் ஏறி இறங்குவதற்குக் கல்லில் பதிக்க வேண்டிய சட்டம் அது. அது சரியாக உட்கார்ந்த பிறகுதான் கதவை அறுப்பது அவர் முறை. அந்த முறையால்தான் அந்தத் தகடு பிழைத்தது.

ஆவணி மாசம் சட்டத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். தனக்கொடி மம்முட்டியோடு வந்திருந்தாள். சட்டத்தின் காலை ஊன்ற அரை அடிப் பள்ளம் போதும். அரை அடி தோண்டினார்கள். அடியில் கல் வரவில்லை, களிமண். இன்னும் ஒரு சாண். அதுவும் களிமண். இருசப்பனுக்குச் சந்தேகம் தட்டியது. கடப்பாரையை எடுத்துக் குத்தினார். அது ஒரு சாண் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

தனக்கொடிதான் முதலில் கவனித்தாள். வெட்டிய பள்ளத்தின் பக்கவாட்டில் மண் அடுக்கு அடுக்காக இருந்தது. ஓர் அடுக்குக்கும் அடுத்ததுக்கும் இடையில் மக்கிய வைக்கோல் கறுப்புக் கோடாக ஓடியது. சில அடுக்கில் மண் கறுப்பு, சிலதில் சிவப்புத் திட்டு.

"இது மேட்டுக்கொல்லைக்காரங்க மண்ணு. தோ, இது நம்ம வூட்டு மண்ணு" என்றாள். சொல்லிவிட்டு மம்முட்டியைக் கீழே வைத்தாள்.

அடைமண். கீழாம்பட்டில் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஏரி அடைக்கும் நாளில், ஏரி பாயும் ஆயக்கட்டில் நிலம் உள்ள ஒவ்வொரு வீடும் தன் வயலிலிருந்து ஒரு கூடை களிமண் கொண்டுவரும். வைக்கோலை நறுக்கிப் போட்டுக் குழைத்து, ஷட்டரின் காலடியில் கொட்டி, எல்லாரும் சேர்ந்து மிதிப்பார்கள். கற்பூரம் ஏற்றுவார்கள். சுண்டல் கொடுப்பார்கள். கூடை கொண்டுவராத வீட்டுக்கு முதல் தண்ணீர் கிடையாது. அடியில் கசியாமல் இருப்பதற்காக யாரோ ஆரம்பித்தது. அறுவடை முடிந்து அதை வெட்டி எடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லியும் இருக்கலாம். மண் கொட்டும் நாளுக்குச் சுண்டல் உண்டு, எடுக்கும் நாளுக்கு ஒன்றும் கிடையாது. கொட்டுவது மட்டும் நின்றதில்லை. தரை ஏற ஏற, ஒவ்வொரு முறை ஷட்டர் மாற்றும்போதும் தரையிலிருந்து அளந்து குட்டையாகப் போட்டார்கள். போன கார்த்திகையில் பிடுங்கிக்கொண்டு போன ஷட்டர் கல்லில் நிற்கவே இல்லை, களிமண்ணில் நின்றது. தண்ணீர் அதன் காலடியில் வழி பண்ணிக்கொண்டது.

இன்னும் ஒன்று உண்டு. வாய்க்கால் கடைசி வரைக்கும் தண்ணீர் வருவதில்லை என்று கடைசி வயல்காரர்கள் பல வருஷமாக முதல் வயல்காரர்களைத் திருடர்கள் என்று சொல்லி வந்தார்கள். அதில் ஒரு கல்யாணம்கூட நின்று போயிருக்கிறது. மதகின் வாய் கிட்டத்தட்டப் பாதி அடைந்து கிடந்தால் எவன் வயலுக்குத்தான் தண்ணீர் போகும்?

பொழுது சாய்கிற நேரத்தில் கடப்பாரை டங்கென்றது. மண்ணை ஒதுக்கிக் கையால் துடைத்தார்கள். அகலமான கருங்கல், அந்தப் பெண் சில் என்று சொன்ன வாசற்படிக் கல். குறுக்கே ஷட்டர் உட்காருவதற்கான பள்ளம், விளிம்பு தேயாமல் இருந்தது. இருசப்பன் டேப்பின் நுனியைக் கல்லில் வைத்து மேலே பிடித்தார். ஆறடி.

இந்த முறை ஒரு தடவைதான் அளந்தார்.

"நீ எந்த இரும்பயும் தட்டிப் பார்க்காம வாங்க மாட்டியே" என்றாள் தனக்கொடி.

அந்தப் பேச்சை அவர் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஒரு கம்பியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனார். ஒரு கோடு மூன்றரை அடியில், ஒரு கோடு ஆறடியில். அலுவலக வாசலில் காவலாளி நிறுத்தினான். கூட்டத்தில் தகராறு நடந்த ஊர் என்று தெரிந்ததும், கம்பியை வெளியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னான். இருசப்பன் கம்பியை விடவில்லை. அதைக் காட்டாமல் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அபிதாவே கீழே இறங்கி வந்தாள். கம்பியைப் பார்த்தாள், இரண்டு கோட்டையும் பார்த்தாள்.

"தோண்டிட்டீங்களா?" என்றாள்.

"நீங்க எப்பிடி மேடம் தோண்டாம..."

"கடப்பாரையால குத்திப் பார்த்தேன். கல்லு சத்தம் கேட்டுது. பழைய வரைபடத்துலயும் அதே அளவுதான். அன்னிக்குச் சொல்ல வந்தேன்." ஆறடிக் கோட்டைத் தொட்டு, "வுடலியே நீங்க" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அது இருசப்பனுக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டில் ஒன்று செய்திருந்தால் என்ன நினைப்பதென்று தெரிந்திருக்கும். பணம் நடைபாதையில் சேர்ந்துவிட்டது, உத்தரவு போய்விட்டது, தன்னால் அதைத் திருப்ப முடியாது என்று அவள் சொன்னாள். அதைவிட மோசமான செய்தி ஒன்றும் இருந்தது. நடைபாதை மதகின் மேல்தான் போகிறது. அங்கே காங்கிரீட் போட்டுவிட்டால் அப்புறம் சட்டம் பதிக்க இடம் இருக்காது. இன்னும் பத்து வருஷத்துக்கு அந்த மதகைத் தொட முடியாது. அதற்குள் ஷட்டரைச் செய்து கொண்டுவந்தால், நடைபாதைக்கான கரைச்சுவர் வேலையிலேயே சட்டத்தையும் சேர்த்துக் காங்கிரீட் போட ஏற்பாடு செய்ய முடியும். அந்த அளவுக்குத் தனக்கு அதிகாரம் உண்டு. இரும்புக்கு இல்லை.

இருசப்பன் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. இந்தப் பெண் ஏன் உதவுகிறாள்? ஊர் இரும்பில் ஊரான் செய்த ஷட்டருக்கு யாராவது பில் போட்டுப் பணம் எடுக்கப் போகிறார்களா? கேட்டேவிட்டார். வேண்டுமானால் எழுதிக் கொடுக்கட்டுமா என்றாள் அவள். எழுத்து வேண்டாம், காங்கிரீட் போடும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும் என்றார். அவள் ஒத்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்று கேட்டாள்.

"இந்த வருஷம் அந்தக் களிமண்ணக் கொட்டாதீங்க. அது போதும் எனக்கு."

இரும்பு செய்வது அவருக்குச் சுலபம். இது சுலபமில்லை. கோயில் வாசலில் ஊரைக் கூட்டி, பள்ளத்தைப் பற்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடைமண் வேண்டாம் என்று சொன்னபோது பேசினார்கள். வைத்திலிங்கம்தான் முதலில்.

"டவுனுக்குப் போயி வந்தியாமே மச்சான். டீ வாங்கிக் குடுத்தாங்களா?"

அது டீயைப் பற்றிய கேள்வி இல்லை என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஆறடி அதிகம் என்றவன் இன்றைக்கு ஆறடிதான் சரி என்கிறான், நடுவில் என்ன நடந்திருக்கும்? ஆயுசு முழுக்க மற்றவர்களிடம் அவர் கேட்டு வந்த கேள்விதான். வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார். அந்தக் கல்லை நீயே கொண்டுவந்து போட்டிருக்கலாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஷட்டருக்கென்று யாரும் எதுவும் கொடுக்கப் போவதில்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

ஆனால் மறுநாள் காலையில் தனக்கொடி வயலுக்குப் போகும்போது, வைத்திலிங்கம் தனியாக மதகுக்குள் நிற்பதைப் பார்த்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி, கல்லில் இருந்த பள்ளத்தில் கால் பெருவிரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தேய்த்துப் பார்த்தார். பிறகு பள்ளத்தின் பக்கவாட்டிலிருந்து ஓர் அடுக்கு மண்ணைக் கிள்ளி விரலால் நசுக்கினார். ஏறி வந்து கால் கழுவிக்கொண்டு, அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். அந்த வருஷம் ஏரி அடைக்கும் நாளைச் சங்கம் அறிவிக்கவே இல்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாள் குறிக்காமல் விட்டுவிட்டார்கள். அதற்கு மேல் வைத்திலிங்கத்திடம் எதிர்பார்க்க முடியாது என்று தனக்கொடி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வேறு இரும்பு பார்த்துக்கொள்ளலாம் என்று இருசப்பன் அந்தத் தகட்டை முழுசாக எடுத்தார். பற்றாததற்குப் பட்டறையின் பின்பக்கத்து ஆங்கிள்களைப் பிரித்தார். சட்டத்தின் கால்களையும் ஆறடிக்கு நீட்டினார். ஒவ்வொரு வெல்டிங்கையும் தட்டிப் பார்த்தார், சத்தம் மாறினால் அரைத்தெடுத்துத் திரும்பப் போட்டார். புரட்டாசி ஓடிக்கொண்டிருந்தது. கீழாம்பட்டுக் கரையில் நடைபாதைக்கு ஜல்லி வந்து இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. பைக்கில் வருகிறவன் தனக்கொடியிடம் இப்போது வாரம் இரண்டு தடவை வந்தான். கரையில் விளக்கு வந்துவிட்டால் நிலத்துக்கு மதிப்பு ஏறும் என்று அவனே சொன்னான். நடைபாதை யாருக்காக என்று இருசப்பனுக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. மற்ற சந்தேகங்கள் மாதிரி இதைத் தோண்டிப் பார்க்க வழி தெரியவில்லை. அதை மனசில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு ரப்பரைப் பொருத்தினார்.

கடைசி வேலையாகத் தகட்டின் முகத்தில், ஏரியைப் பார்த்து இருக்கும் பக்கத்தில், வெல்டிங்காலேயே பெரிய எழுத்து எழுதினார். பெயிண்ட் என்றால் அழித்துவிடலாம். இது இரும்போடு இரும்பு.

எடுத்துப் போவதற்கு டிராக்டர் கேட்காமலே வந்தது. வைத்திலிங்கத்தின் டிராக்டர். ஓட்டிவந்தவன் வாடகை பேசவில்லை, வைத்திலிங்கமும் கூட வரவில்லை.

கரையில் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அபிதா சொன்னபடி வந்து நின்றிருந்தாள், வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள். சட்டம் முன்பே கல்லில் பதித்துக் காங்கிரீட் இறுகியிருந்தது. அன்றைக்கும் அவள் வந்து நின்றிருந்தாள். இன்று கதவை இறக்க வேண்டும். காண்டிராக்டரின் ஆட்கள் கயிற்றோடு வந்தார்கள்.

"இருங்க" என்றாள் அவள். பையிலிருந்து டேப்பை எடுத்தாள்.

இருசப்பனின் வேலையை இதுவரைக்கும் யாரும் அளந்து வாங்கியதில்லை. அவர் அளந்துவிட்டார் என்றால் போதும். கரையில் நின்ற ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் குனிந்து டேப்பின் நுனியை வாங்கி, தகட்டின் அடி விளிம்பில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் மேலே படித்தாள். அகலத்துக்கும் பிடித்தார்கள். பிறகு மதகின் வாயை, கல்லிலிருந்து. அவள் தலையாட்டினாள். அப்புறம்தான் தகட்டின் முகத்தில் இருந்த எழுத்து அவள் கண்ணில் பட்டது. கீழாம்பட்டு ஆயக்கட்டார் போட்டது என்று மேடாக நின்றது.

"என்னிய நம்பலியா?"

"உங்கள நம்பறேன்மா. உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கு எழுதுனது."

இரும்பு கொடுக்காத ஆயக்கட்டார் பெயரை ஏன் எழுதினார் என்று தனக்கொடிக்குக் கேட்கத் தோன்றியது. அதற்குள் ஆட்கள் கயிற்றைப் பிடித்துவிட்டார்கள்.

கயிற்றில் இறங்கிய கதவு சட்டத்தில் உரசாமல் போய்க் கல்லில் உட்கார்ந்தது. சத்தம் சின்னதாகத்தான் வந்தது. இருசப்பன் காதைக் கொடுத்துக் கேட்டார். திருகுத் தண்டின் தலையில் கைச்சக்கரத்தை மாட்டி, அபிதாவைச் சுற்றச் சொன்னார். அவள் ஒரு கையால் சுற்றினாள், கதவு ஏறியது. எதிர்ப்பக்கம் சுற்றினாள், இறங்கியது. வடகிழக்கில் மேகம் திரண்டு கொண்டிருந்தது. காண்டிராக்டரின் ஆள் ஒருவன், வேலை முடிந்ததென்று காட்டுவதற்காகப் போனில் படம் எடுத்துக்கொண்டான். இருசப்பன் அதையும் பார்த்துக்கொண்டார்.

"ஒப்படைச்சிட்டேன்மா" என்றார் அபிதாவிடம். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிறகு ஸ்பானரை எடுத்து, திருகுத் தண்டின் தலையிலிருந்த நட்டைக் கழற்றினார். கைச்சக்கரம் தனியாக வந்தது. அது இல்லாமல் அந்தக் கதவை யாரும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. காண்டிராக்டரின் ஆள் கை நீட்டினான். இருசப்பன் அவனைத் தாண்டிப் போய், கரைச்சரிவில் நின்ற தனக்கொடியிடம் அதைக் கொடுத்தார். தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அவள் வயல். கிரீஸ் முந்தானையில் படாமல் இருக்க அவள் அதை ஒரு சாக்கில் சுற்றி வாங்கிக்கொண்டாள். கனமாகத்தான் இருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு, வாய்க்கால் வரப்போடு வீட்டுக்கு நடந்தாள்.